சின்னக் கண்ணாடிப் பட்டறைக்கு உலை எடுப்பது எப்படி? நெல்லைச் சீமைக்கான முழு வழிகாட்டி

கண்ணாடி ஊதும் பட்டறை வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ உலை வாங்கலாம்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் விடை தெரியவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வாரத்தில் எத்தனை மணி நேரம் உலை சூடாக இருக்கப்போகிறது?

ஒரு கிலோ கண்ணாடியை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 1200 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 0.4 யூனிட் மின்சாரம் போதும். 12 கிலோவுக்குக் கணக்குப் போட்டாலும் 5 யூனிட்டைத் தாண்டாது. அதே கண்ணாடியை ராப்பகலாக உருகின நிலையிலேயே வைத்திருக்க, ஒழுங்காகக் கட்டிய சின்ன உலைக்கே நாளொன்றுக்கு 100 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். காசு உருக்குவதில் போவதில்லை, சூட்டைத் தாங்கிப்பிடிப்பதில்தான் போகிறது. இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்துவிட்டால் மூசையின் (கண்ணாடி உருகும் பாத்திரத்தின்) அளவு, எரிபொருள், செங்கல் எல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

முதலில் வேலையைக் கணக்கிடுங்கள்

ஒரு டம்ளர் 250 முதல் 300 கிராம் நிற்கும். பேப்பர் வெயிட் அரை கிலோ, நடுத்தரப் பூச்சாடி 700 கிராமிலிருந்து ஒரு கிலோ. ஊதுகுழலில் ஒட்டி வீணாவது, வெட்டி எறிவது, உடைவது எல்லாம் சேர்த்தால் விற்கும் எடைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கண்ணாடி எடுக்க வேண்டிவரும். ஊதுகிறவர் ஒருவர், கையாள் ஒருவர் என்று நாளுக்கு 20 சிறு உருப்படி செய்தால் 10 முதல் 12 கிலோ செலவாகும்.

மூசையில் இருப்பதை முழுக்க எடுக்க முடியாது. மேல் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்குதான் சுத்தமாக வரும். அடிக்குப் போகப் போக மூசைச் சுவரில் கரைந்த அலுமினா கலந்து கண்ணாடியில் நரம்பு நரம்பாகக் கோடு விழும். ஆகவே 12 கிலோ வேலைக்கு 24 கிலோவாவது பிடிக்க வேண்டும், கையிருப்போடு சேர்த்து 30 முதல் 35 கிலோ மூசை சரியான அளவு. உருகிய கண்ணாடியின் அடர்த்தி லிட்டருக்கு 2.4 கிலோவை ஒட்டி இருக்கும் என்பதால் அது 15 லிட்டர் கொள்ளளவு.

வாரம் இரண்டு நாள் மட்டும் வேலை செய்பவர்கள் 10 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒவ்வொரு வாரமும் ஏற்றி இறக்கினால் எந்த மூசையும் நாளடைவில் விரிசல் விடும். சின்ன மூசையை மெழுகுவர்த்தி மாதிரி செலவாகும் பொருளாக எண்ணி மாற்றிக்கொள்ளலாம். பெரியதை அப்படி மாற்றினால் கட்டுப்படியாகாது.

எந்தக் கண்ணாடி என்பதே வெப்பநிலையைத் தீர்மானிக்கும்

ஊதும் வேலைக்கென்றே தயாரித்த உடைகண்ணாடி 1150 முதல் 1200 டிகிரியில் உருகும். 1060 முதல் 1120 டிகிரியில் வேலை செய்யலாம். சோடா, ஜாடி வகைப் பாட்டில் கண்ணாடிக்கு 1250 டிகிரிக்கு மேல் வேண்டும். அது குழலில் சீக்கிரம் இறுகிவிடும், கை வேகமாக ஓட வேண்டும். மணல், சோடா ஆஷ், சுண்ணாம்பு கலந்து ஆரம்பத்திலிருந்து உருக்குவது சின்னப் பட்டறைக்கு உகந்ததல்ல. சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், உலைச் சுவரையும் சோடா ஆவி அரிக்கும்.

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணல் கண்ணுக்கு அழகாக இருக்கலாம். அந்தச் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். நிறமற்ற கண்ணாடிக்கான மணலில் இரும்பு நூற்றில் 0.03 பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். தேரி மணல் இதற்கு ஒத்துவராது, தாமிரபரணி மணலும் அப்படியே.

பழைய பாட்டிலை உருக்குவதென்றால் ஒரே வகையாகப் பிரித்து வாங்குங்கள். கோலி சோடா பாட்டிலின் வெளிர்பச்சையோடு ஜன்னல் கண்ணாடியைச் சேர்த்தால் நரம்பு விழும். பீர் பாட்டிலின் பழுப்புக் கண்ணாடியை வெள்ளைக் கண்ணாடியோடு கலந்தால் கந்தக வாயு கிளம்பி மூசையில் நுரை தள்ளும். மூடியின் அலுமினியத் துண்டு ஒன்று உள்ளே போனாலும் அது சிலிக்காவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு சிலிக்கான் மணிகளை விட்டுவிடும். கருகின உலோகக் குண்டு போல இருக்கும் அந்த மணியைச் சுற்றித்தான் ஆறும்போது பொருள் பிளக்கும். பீங்கான் சில்லு உருகவே உருகாது, கல்லாக நிற்கும். கழுவி, காயவைத்து, வெளிச்சத்தில் பரப்பிப் பொறுக்கி எடுப்பது அலுப்பான வேலை, தவிர்க்கக்கூடாத வேலையும்கூட.

நிறக் கண்ணாடியை ஃபிரோசாபாத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரவழைத்தால், முதலில் நூல் சோதனை செய்யுங்கள். இரண்டு துண்டுகளைப் பக்கம்பக்கமாக ஒட்டி உருக்கி நூலாக இழுங்கள். ஆறியபின் நூல் நேராக நின்றால் பொருத்தம் உண்டு. வளைந்தால், உள்வளைவில் இருக்கும் கண்ணாடி அதிகமாகச் சுருங்குகிறது என்று பொருள், அந்த ஜோடி ஆகாது. 96 விரிவெண் (சூட்டில் எவ்வளவு விரியும் என்பதைக் காட்டும் எண்) போட்டு விற்கும் நிறக் கம்பிகள் 90ஐ ஒட்டிய பாட்டில் கண்ணாடியோடு சேராது.

மின்சாரமா, கேஸா?

35 கிலோ மின் உலையை எடுத்துக்கொள்வோம். உள்சுவர் 75 மி.மீ. உயர் அலுமினா காஸ்டபிள் (சிமென்ட் போலக் குழைத்து வார்க்கும் தீத்தாங்குக் கலவை). அதன் பின்னால் 230 மி.மீ. இன்சுலேஷன் செங்கல், உள்வரிசை 26ஆம் கிரேடு, வெளிவரிசை 23ஆம் கிரேடு. கடைசியாக 75 மி.மீ. செராமிக் ஃபைபர். 1120 டிகிரியில் இந்தச் சுவர் வழியே ஏறக்குறைய 3 கிலோவாட் கசியும். கதவு இடுக்கு, எலிமென்ட் (சூடாக்கும் கம்பி) முனைகள், கண்ணாடி எடுக்கத் திறந்து மூடுவது எல்லாம் இன்னும் ஒன்றரை. 4.5 கிலோவாட்டை 24ஆல் பெருக்கினால் நாளுக்கு 108 யூனிட், மாதம் 3,240. உங்கள் இணைப்புக்கு உண்டான யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகையை மாதாமாதம் தாங்கமுடியுமா என்பதுதான் முதல் பரீட்சை.

இதே சுவருள்ள உலையை கேஸில் ஓட்டினால், 1150 டிகிரியில் வெளியேறும் புகையே பாதிக்கு மேல் சூட்டைக் கொண்டுபோய்விடும். நூற்றுக்கு 40 பங்கு உள்ளே நின்றால் நல்ல பர்னர். ஆக 4.5 கிலோவாட் இழப்பை ஈடுகட்ட 11 கிலோவாட் கேஸ் எரிய வேண்டும். எல்பிஜி கிலோவுக்கு 12.8 யூனிட் வெப்பம் தருவதால் மணிக்குக் கிட்டத்தட்ட 0.9 கிலோ, நாளுக்கு 21 கிலோ. தினமும் ஒரு 19 கிலோ வணிக சிலிண்டருக்கு மேல் காலியாகும். புகைச் சூட்டால் காற்றைச் சூடாக்கி பர்னருக்கு அனுப்பும் ரெக்யூபரேட்டர் வைத்தால் செலவு நன்றாகக் குறையும். அதை அடைப்பில்லாமல் பராமரிக்க ஆள் வேண்டும்.

எங்கள் பரிந்துரை: உருக்கும் உலை மின்சாரத்தில், ஊதும்போது ஆறிப்போகும் பொருளை மறுபடி சூடாக்கும் மறுசூட்டு உலை கேஸில். உருக்கும் உலை ஓயாமல் ஓடுவது. சத்தமில்லாமல், ராத்திரி ஆள் காவலில்லாமல் நிற்க வேண்டும். மறுசூட்டு உலை வேலை நேரத்தில் மட்டும் எரிவது, அரை மணியில் 1100 டிகிரியைத் தொட வேண்டும். இந்த இரண்டு குணமும் ஒரே எரிபொருளில் கிடைப்பது அரிது.

எலிமென்ட்: இங்கேதான் ஏமாறுவது அதிகம்

காந்தல் (Kanthal) என்ற இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவைக் கம்பிச் சுருள் மலிவு, கிடைப்பதும் எளிது. ஏ-1 கம்பியின் உச்சம் 1400 டிகிரி, ஆனால் அது கம்பியின் சூடு. உலையின் உட்புறம் அதைவிட 100 டிகிரியாவது குறைவாக இருக்க வேண்டும். ஊதும் கண்ணாடிக்கு இது போதும். பாட்டில் கண்ணாடிக்காக அடிக்கடி 1250க்கு மேல் போவதென்றால் சிலிக்கான் கார்பைடு கம்பிகளுக்குப் போய்விடுங்கள். அவற்றுக்கு வயதாக வயதாகத் தடை கூடிக்கொண்டே போகும், ஒன்று உடைந்தால் ஒத்த தடையுள்ளதாகப் பார்த்து ஜோடியாக மாற்ற வேண்டும். மாலிப்டினம் டைசிலிசைடு 1700 டிகிரிக்குப் போகும். அதற்குத் தனி டிரான்ஸ்பார்மர் வேண்டும், குளிர்ந்த நிலையில் கை பட்டாலே ஒடியும். சின்னப் பட்டறைக்கு அவசியமில்லை.

கம்பிச் சுருள் உலை வந்து இறங்கியதும் மல்டிமீட்டரை எடுங்கள். 12 கிலோவாட் உலை மூன்று ஃபேஸில் ஸ்டார் இணைப்பு (ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒரு சுருள்) என்றால் ஒவ்வொரு சுருளுக்கும் 4 கிலோவாட், 230 வோல்ட், 17 ஆம்பியர். குளிர்ந்த சுருளின் தடை 12.5 முதல் 13.5 ஓமுக்குள் காட்ட வேண்டும், மூன்றும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். 40 ஓம் காட்டினால் டெல்டா இணைப்புக்குச் (இரண்டு ஃபேஸுக்கு இடையே ஒரு சுருள்) சுற்றிய சுருள். ஸ்டாரில் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு சக்திதான் வரும், உலை 800 டிகிரியில் நின்று கொண்டு மேலே ஏறாது. இதைத் தெரியாமல் செங்கலையும் கன்ட்ரோலரையும் குறைசொல்லி நாள் கடத்துகிறவர்கள் உண்டு.

கிராமத்து லைனில் சாயங்காலம் மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்கினால் 12 கிலோவாட் உலை 9 கிலோவாட்தான் தரும். மாதிரிக்கு ஒரு வாரம், மூன்று ஃபேஸையும் காலை, பிற்பகல், இரவு என்று அளந்து எழுதிவைத்துவிட்டு அப்புறம் உலையின் திறனை முடிவுசெய்யுங்கள். உலை 12, அனீலர் (செய்த பொருளை மெதுவாக ஆறவைக்கும் அடுப்பு) 5, குழல் சூடேற்றி, புளோயர் எல்லாம் சேர்த்து 19 கிலோவாட் வரும். இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போதே இதைச் சொல்லுங்கள்.

மூசை

பித்தளை வார்ப்பவர்கள் பயன்படுத்தும் கிராஃபைட் மூசை கண்ணாடிக்கு ஆகாது. கரி கண்ணாடியோடு வினைபுரிந்து குமிழும் கறுப்பும் தரும். காருகுறிச்சி மண்பாண்டக் களிமண் பானைக்குப் பேர்போனது என்றாலும், இரும்பு மிகுந்த மண் என்பதால் இந்தச் சூட்டில் இளகிவிடும். உயர் அலுமினா மூசைதான் வேண்டும். வாங்கும்போது விரலால் தட்டுங்கள். மணி போல ஒலிக்காமல் மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே கீறல் இருக்கிறது, திருப்பிக் கொடுங்கள்.

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் மூசையும் காஸ்டபிளும் காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும். ஈரத்தோடு சூடேற்றினால் நீராவி உள்ளுக்குள் கிளம்பி வெடிக்கும். புது மூசைக்கு இப்படிச் சூடேற்றுங்கள்: 120 டிகிரியில் ஆறு மணி நேரம் நிறுத்துங்கள். அதன்பின் 650 டிகிரி வரை மணிக்கு 30 டிகிரி. மூசை மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று பருக்கும், அதனால்தான் இந்த நிதானம். 650க்கு மேல் மணிக்கு 75. உருக்கும் சூட்டில் வெறும் மூசையாகவே நாலு மணி நேரம் விட்டுவிட்டு, முதலில் அரை கிலோ கண்ணாடியைப் போட்டு உட்சுவரில் படியவிடுங்கள். முழுதும் ஒன்றரை நாள் வேலை. இதில் அவசரப்பட்டால் மூசை போகும், கூடவே தரையில் ஓடும் கண்ணாடி எலிமென்ட்டையும் கொண்டுபோகும். ஆகவே மூசையின் அடியில் சரிவான தளமும் வெளியே வடியும் ஓட்டையும் இல்லாத உலையை வாங்காதீர்கள்.

அடுத்தடுத்துக் கண்ணாடி போடும்போது ஒரு முறைக்கு 2 முதல் 4 கிலோ, மணிக்கு ஒரு முறை. கடைசித் தவணைக்குப் பின் உச்சச் சூட்டில் நாலிலிருந்து ஆறு மணி நேரம் விட்டால் குமிழ் ஏறி வெளியேறும். பிறகு 1050 டிகிரிக்கு இறக்கி இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால், மிச்சமிருக்கும் நுண்குமிழ் கண்ணாடிக்குள்ளேயே கரைந்துவிடும். அதன்பின் வேலைச் சூட்டுக்கு ஏற்றுங்கள்.

மறுசூட்டு உலை

வாயின் விட்டம்தான் செலவைத் தீர்மானிக்கும். 1150 டிகிரியில் 20 செ.மீ. வட்ட வாய் முழுக்கத் திறந்திருந்தால் கதிர்வீச்சாக மட்டும் 7 கிலோவாட் வெளியே போகும். 30 செ.மீ. என்றால் 16. புகை இழப்பையும் சேர்த்தால் 20 செ.மீ. உலைக்கு மணிக்கு 2 கிலோ கேஸ், 30க்கு 4 கிலோ வரை போகும். ஆரம்பத்துக்கு 20 செ.மீ. போதும். முன்னால் இரட்டைக் கதவு வைத்து, பொருளின் அளவுக்கு மட்டும் திறக்கப் பழகுங்கள்.

ஒற்றைச் சிலிண்டரிலிருந்து மணிக்கு 2 கிலோ இழுத்தால், நம் வெயிலிலும் சிலிண்டர் குளிர்ந்து வெளியே பனிபடரும், அழுத்தம் விழும். நாலு சிலிண்டரை மேனிஃபோல்ட் என்ற பொதுக் குழாயில் சேர்த்துப் பகிர்ந்து எடுங்கள். 2016ஆம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகளின்படி, உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் 100 கிலோ எல்பிஜி வரைதான் வைத்துக்கொள்ளலாம். 19 கிலோ சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. எல்பிஜி காற்றைவிட கனமானது, பள்ளத்தில் தேங்கும். சிலிண்டர் கூடம் உலைக்கூடத்துக்கு வெளியே, தரைமட்டத்துக்கு மேலே, சாக்கடைக்கும் கிணற்றுக்கும் தள்ளி இருக்கட்டும்.

புளோயர் நின்றால் கேஸை உடனே அடைக்கும் சோலனாய்டு வால்வு, சுடர் அணைந்தால் கண்டுபிடிக்கும் சென்சார், குறைந்த அழுத்த சுவிட்ச் என்ற மூன்றும் இல்லாத பர்னரைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

வள்ளியூர், பணகுடி, இராதாபுரம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று சுடரை வளைக்கும், சூடான உருப்படியையும் ஒரு பக்கமாகக் குளிர்விக்கும். உலையின் வாயும் வேலைபார்க்கும் பெஞ்சும் மேற்கைப் பார்க்காமல் அமையுங்கள், மேற்குச் சுவரில் அடைக்கக்கூடிய ஜன்னல் வையுங்கள். கூரை 5 மீட்டர் உயரத்தில், உச்சியில் வெப்பம் வெளியேற இடைவெளியோடு இருக்கட்டும். உவரி, கூத்தங்குழி போன்ற கடற்கரையில் என்றால் உப்புக்காற்று கன்ட்ரோலர் பெட்டியின் இணைப்புகளை அரிக்கும், பெட்டி நன்றாக மூடும் வகையாக இருக்க வேண்டும்.

அனீலர்: முதல் காசை இதில் போடுங்கள்

உலை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஒழுங்காக ஆற்றாத பொருள் வாங்கியவர் வீட்டில் உடையும். உள்ளே 60 செ.மீ. கனசதுரம், 5 கிலோவாட், மூலைக்கு மூலை வித்தியாசம் 5 டிகிரிக்குள். கதவைத் திறந்ததும் எலிமென்ட் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் கட்டாயம். இரும்புக் குழலோடு கையை உள்ளே விடப்போவது நீங்கள்.

6 மி.மீ. தடிப்புள்ள ஊதும் கண்ணாடிக்கு அதை விற்பவர் தரும் ஆற்றும் சூட்டில், பெரும்பாலும் 480 முதல் 515 டிகிரிக்குள், ஒரு மணி நேரம். பாட்டில் கண்ணாடிக்கு 540 முதல் 550. பிறகு மணிக்கு 50 டிகிரியாக இறக்கி, ஆற்றும் சூட்டுக்கு 140 டிகிரி கீழே வந்ததும் வேகத்தைக் கூட்டலாம். தடிப்பு இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். கனமான பேப்பர் வெயிட்டை டம்ளரோடு ஒரே நிரலில் ஆற்றினால் பேப்பர் வெயிட் பிளக்கும்.

வெறும் ஃபைபர் சுவருள்ள அனீலர் சீக்கிரம் சூடேறும், மின்சாரம் போனால் அதே வேகத்தில் குளிரும். நம் ஊரில் 115 மி.மீ. செங்கல்லும் அதன்மேல் 50 மி.மீ. ஃபைபரும் உள்ளதை வாங்குங்கள். செங்கல்லின் கனம் சூட்டைப் பிடித்துவைக்கும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு என்ன செய்வது?

காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலைவரை வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கனமான சுவருள்ள உலை கதவை மூடிவைத்தால் மணிக்கு 30 முதல் 50 டிகிரி இறங்கும். எட்டு மணி நேரத்துக்குப் பின்னும் 700 டிகிரிக்கு மேலேயே நிற்கும், மூசைக்கு ஆபத்தில்லை. கண்ணாடி இறுகி மூசையை இழுக்கும் கட்டம் 600க்குக் கீழே. ஆகவே முதல் நாள் இரவே கண்ணாடி அளவை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டு, கதவு இடுக்கில் ஃபைபர் பட்டையைச் செருகிவிடுங்கள். அனீலருக்கு மட்டும் ஒரு ஜெனரேட்டர் போதும், அன்றைக்கு அதில் பொருள் வைக்காமலிருந்தால் அதுவும் வேண்டாம்.

வாங்கும்போதும் வந்திறங்கியபின்னும்

வெப்பம் அளக்க கே வகைத் தெர்மோகப்பிள் அனீலருக்குப் போதும். 1100க்கு மேல் அது மெல்ல மெல்லப் பொய்சொல்லத் தொடங்கும், உலைக்கு பிளாட்டினம் கலந்த எஸ் வகையே வேண்டும். எலிமென்ட்டுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் மின்னணு சுவிட்சான எஸ்.எஸ்.ஆர். (சாலிட் ஸ்டேட் ரிலே) பழுதானால் பெரும்பாலும் மூடிய நிலையில் சிக்கிக்கொள்ளும், மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் தனித் தெர்மோகப்பிள் வைத்து, எல்லை தாண்டினால் துண்டிக்கும் கான்டாக்டர் (பெரிய மின்காந்த சுவிட்ச்) ஒன்று தொடரில் இருக்க வேண்டும்.

பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ பட்டறைக்காரரிடம் உலையின் சட்டகம் செய்யக் கொடுத்தால், கடையில் "அண்ணாச்சி, ஃபைபர் ஒரு ரோல்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். 25 மி.மீ. தடிப்பு, கனமீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி, எந்தக் கிரேடு என்று மூன்றையும் சொல்லுங்கள். சாதாரணக் கிரேடுக்கு 1260 என்று அச்சிட்டிருந்தாலும் தொடர்ந்து தாங்குவது 1150ஐ ஒட்டித்தான், அதை உட்சுவராக வைக்கக் கூடாது. வெட்டும்போது என்-95 முகக்கவசம் போடுங்கள், சூடுகண்ட பழைய ஃபைபரைப் பிரிக்கும்போது நனைத்துவிட்டுப் பிரியுங்கள். உலைக்குள் பார்க்க 3ஆம் எண் வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அகச்சிவப்புக் கதிர் கண்ணின் லென்ஸைப் பல வருஷத்தில் புகைமூட்டமாக்கிவிடும்.

மீதித் தொகையைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. உலைக்கு மட்டும் தனி மீட்டர் பொருத்தி, வெறும் மூசையோடு 1120 டிகிரியில் 24 மணி நேரம் நிறுத்துங்கள். யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 35 கிலோ உலை 110 யூனிட்டைச் சுற்றி நின்றால் சரி. 150ஐத் தாண்டினால் வெளித்தகட்டில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஓட்டிப் பாருங்கள். சுவர் 90 டிகிரியைச் சுற்றி இருக்க வேண்டும். ஒரு இடம் மட்டும் 150, 160 என்று காட்டினால் அங்கே செங்கல் இணைப்பு பிளந்திருக்கிறது அல்லது ஃபைபர் சரிந்திருக்கிறது. செய்தவரே வந்து பிரித்துச் சரிசெய்ய வேண்டிய குறை அது.

உலையோடு சேர்த்தே இருப்பில் வாங்கவேண்டியவை: ஒரு செட் எலிமென்ட், ஒரு மூசை, இரண்டு தெர்மோகப்பிள், ஒரு எஸ்.எஸ்.ஆர்., ஒரு கான்டாக்டர். மூசையை அனீலரின் கூரைமேல், அதன் வெதுவெதுப்பு படும்படி வைத்துக்கொண்டால் சாரல் மாதத்திலும் ஈரம் ஏறாது.